வாத்தியார் எம்.எல்.ஏ. ஆனால்: வாசகர் கேள்வி – பதில்

ஆசிரியப் பணியிலிருந்து அரசியலுக்குச் சென்று சட்டமன்ற உறுப்பினரானவர்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்தே பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்தும், கேள்வி எதுவும் இல்லாமல் யாரோ ஒருவருக்கு வாக்குக் கேட்பதாக மட்டும் அமைந்திருந்த இரண்டு கடிதங்களை ஒதுக்கியும் இங்கே விடையளித்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் ஊரால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

தொண்டி வாசகர்: எங்கள் பகுதியில் எந்தத் தேர்தல் வந்தாலும் 'வேட்பாளர் படித்தவர், வாத்தியாராக இருந்தவர்' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினராவதற்குக் கல்வித் தகுதி ஏதேனும் உண்டா? ஆசிரியராக இருந்தது அரசியலில் உண்மையிலேயே உதவுகிறதா?

கல்வித் தகுதி எதுவும் கிடையாது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். வேட்பாளர் என்ன படித்திருக்கிறார் என்பதை வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளுக்குப் பிறகே வந்தது. சொத்து, கடன், குற்ற வழக்கு ஆகியவற்றோடு படிப்பையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். படிக்காதவர் என்று எழுதினாலும் மனு தள்ளுபடியாகாது. எழுத வேண்டியதை மறைத்தால்தான் சிக்கல்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வாழ்க்கையையே விடையாகக் காட்டலாம். தமிழ்நாட்டு அரசியலில் 'பேராசிரியர்' என்று மட்டும் சொன்னால் க. அன்பழகனையே குறிக்கும். அவர் 1944 முதல் 1957 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்ற 1957இல், அக்கட்சியிலிருந்து வென்ற 15 பேரில் ஒருவராக எழும்பூர்த் தொகுதியிலிருந்து பேரவைக்குள் நுழைந்தார். 1962இல் சட்ட மேலவை (பேரவையோடு அன்று இருந்த இரண்டாம் அவை), 1967இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை, 1971இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், 1989இலும் 1996இலும் கல்வி அமைச்சர், 2006 முதல் 2011 வரை நிதி அமைச்சர் என்று அவருடைய பாதை நீண்டது. இடையில் இழப்புகளும் உண்டு. ஈழத் தமிழர் பிரச்சினைக்காக 1983இல் உறுப்பினர் பதவியைத் துறந்தார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காகப் பதவி பறிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 2011இல் வில்லிவாக்கத்தில் தோற்றார்.

கணக்குப் பார்த்தால் வகுப்பறையில் அவர் இருந்தது 13 ஆண்டுகள். அரசியலில் இருந்தது 60 ஆண்டுகளுக்கு மேல். வகுப்பறை அவருக்கு ஒரு பட்டப்பெயரையும், எழுதி வைத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் கோவையாகப் பேசும் ஆற்றலையும் தந்திருக்கலாம். அவரை நிலைநிறுத்தியது 1977 முதல் 2020இல் மறையும்வரை அவர் வகித்த கட்சிப் பொதுச் செயலாளர் பொறுப்பும், அதற்கு அடிப்படையாக இருந்த இயக்கப் பற்றும்தான். ஆகவே வாத்தியார் என்பது வாசல்வரை அழைத்துச் செல்லும் அறிமுகம். உள்ளே உட்கார நாற்காலி போடுவது கட்சி. நுங்கம்பாக்கத்தில் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் வளாகம் 2022 முதல் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு மறுபக்கமும் நம் மண்ணிலேயே இருக்கிறது. விருதுநகர் 1985இல் தனி மாவட்டமாகும்வரை இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டு அந்த ஊரிலிருந்து புறப்பட்ட காமராஜர்தான் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவைத் தொடங்கினார். அவருக்கு முன்பு முதலமைச்சராக இருந்த ராஜாஜியோ பெரிய அறிஞர். 1953இல் அவர் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. படிப்பாளி வந்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இராமநாதபுரம் வாசகர்: நம் தொகுதிக்கே ஒரு பேராசிரியர் எம்.எல்.ஏ.வாக இருந்தாரே, அவரைப் பற்றி?

எம்.எச். ஜவாஹிருல்லாவைக் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியில் பணியாற்றியவர்; 2009இல் தொடங்கப்பட்ட மனிதநேய மக்கள் கட்சியின் சார்பில் 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று இராமநாதபுரத்தில் வென்றார். 2016இல் அதே தொகுதியில் தி.மு.க. கூட்டணியில் நின்றபோது அ.தி.மு.க.வின் மருத்துவர் மணிகண்டனிடம் தோற்றார். 2021இல் தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் உதயசூரியன் சின்னத்தில் வென்று மீண்டும் பேரவைக்குச் சென்றார்.

இந்த மூன்று தேர்தல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2011க்கும் 2016க்கும் இடையில் அவருடைய படிப்போ பேச்சோ குறைந்துவிடவில்லை, மாறியது கூட்டணி. பேராசிரியருக்குக் கிடைக்கும் வாக்கு என்று தனியாக ஒன்று நம் கடற்கரையில் இருந்தாலும் கூட்டணிக் கணக்கு அதை விழுங்கிவிடும் என்பதே என் எண்ணம். இதில் அவரைக் குறை சொல்லவோ புகழவோ நான் வரவில்லை.

பாம்பன் வாசகி: நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

கூடாது. அரசின்கீழ் ஊதியம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 191ஆம் உறுப்பு கூறுகிறது. விடுப்பில் இருந்தாலும் நீங்கள் பதவியில்தான் இருக்கிறீர்கள். அதற்கும் முன்னதாகவே, 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சியில் சேர்வதையும் வாக்குச் சேகரிப்பதையும் தடுக்கின்றன. வாக்களிக்கும் உரிமை மட்டும் உங்களுடையது. வேட்பாளருக்கு வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தால் மூன்று மாதம்வரை சிறைத் தண்டனை விதிக்கவும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நிற்கத்தான் வேண்டும் என்றால் பணியிலிருந்து விலக வேண்டும். இதில் பலர் சறுக்குகிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பணி துறப்பு வேறு, விருப்ப ஓய்வு வேறு. பணி துறப்புக் கடிதம் கொடுத்தால் அதுவரை செய்த பணிக்காலம் ஓய்வூதியத்திற்குக் கணக்கில் வராமல் போய்விடும். 20 ஆண்டு பணி முடித்தவரோ 50 வயது நிறைந்தவரோ மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். அதில் பணிப்பயன்கள் காப்பாற்றப்படும். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவராக இருந்தால் பழைய ஓய்வூதியத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கணக்கே வேறு. எந்த வழியாக இருந்தாலும், வேட்புமனு பரிசீலனை நடக்கும் நாளில் நீங்கள் அரசுப் பணியில் இல்லை என்பதற்கான ஆணை கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன், அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது என்று தேர்தல் அலுவலரிடம் சொல்வதில் பயனில்லை. தேர்தல் அட்டவணை வெளியானதிலிருந்து வாக்குப்பதிவு வரையிலான காலம் மூன்று மாதமாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முடிவு செய்வதானால் முந்தைய ஆண்டே செய்ய வேண்டும்.

பொதுத் தொகுதி வேட்பாளருக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்பாது. தேர்தல் செலவின் உச்சவரம்பு 2022இல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. அது வரம்புதானே தவிர, அவ்வளவு செலவழித்தாக வேண்டும் என்ற கட்டளை அல்ல என்றுதான் சட்டம் படிப்பவர் சொல்வார். தொகுதியைச் சுற்றி வந்தவர் வேறு விதமாகச் சொல்வார். சட்டமன்ற உறுப்பினரின் மாத வரவு 2017இல் 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஓய்வை நெருங்கும் ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் ஊதியம் அதற்கு இளைத்ததல்ல என்பதால், பணத்திற்காக யாரும் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியதில்லை.

கீழக்கரை வாசகர்: முன்பு ஆசிரியர்களுக்கென்றே தனித் தொகுதி இருந்ததாக என் தந்தை சொல்வார். அது ஏன் போயிற்று? மீண்டும் வந்தால் கல்விக்கு நன்மைதானே?

உங்கள் தந்தை சொன்னது சரி. தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்த காலத்தில், அரசியல் சட்டத்தின் 171ஆம் உறுப்பின்படி அதன் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களும், மற்றொரு பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும் தேர்ந்தெடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் போன்றவர்கள் அந்த அவையில் அமர்ந்திருந்தார்கள். நியமன உறுப்பினர் ஒருவரைப் பற்றிய சர்ச்சை எழுந்ததைத் தொடர்ந்து, 1986 மே மாதம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பேரவை ஒழிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போயிற்று. 2010இல் தி.மு.க. ஆட்சி அதை மீட்கத் தீர்மானம் கொண்டுவந்து, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று மற்றொரு தீர்மானம் வந்தது. ஆசிரியர்கள் கேட்டு அது போகவில்லை. ஆசிரியர்கள் கேட்டு வரப்போவதுமில்லை.

நன்மைதானா என்ற கேள்விக்குத்தான் நான் தயங்குகிறேன். ஆசிரியர் தொகுதியில் வாக்களிக்கும் உரிமை, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் மூன்று ஆண்டுகளாவது கற்பித்தவர்களுக்கு மட்டுமே உண்டு. தேவிபட்டினத்திலும் திருப்பாலைக்குடியிலும் முதல் வகுப்புக் குழந்தைக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்துப் பழக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியை அந்தப் பட்டியலில் வரமாட்டார். வாக்களிப்பவர்தான் ஆசிரியராக இருக்க வேண்டும், நிற்பவர் ஆசிரியராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சென்னைப் பட்டதாரித் தொகுதியில் வென்ற ஒருவர் பட்டதாரி அல்லர் என்று வழக்குத் தொடுக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் அவர் வெற்றியைச் செல்லாததாக்க, 1972இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அந்தத் தொகுதியில் நிற்பவருக்குப் பட்டம் தேவையில்லை என்று கூறிவிட்டது.

மேலவை உள்ள ஆறு மாநிலங்களில் ஒன்றான கர்நாடகத்தில், ஹூப்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த பசவராஜ் ஹொரட்டி 1980 முதல் ஒரே ஆசிரியர் தொகுதியிலிருந்து தொடர்ச்சியாக எட்டு முறை வென்றிருக்கிறார். ஜனதா மரபிலிருந்து வந்தவர், எட்டாவது முறை 2022இல் பா.ஜ.க. சார்பில் நின்றும் வென்றார். கல்வி அமைச்சராகவும் மேலவைத் தலைவராகவும் இருந்தார். கட்சி மாறியும் வாக்காளர் மாறவில்லை என்றால் அவருக்கும் அந்த ஆசிரியர்களுக்கும் இடையே உள்ள பிடிப்பு எத்தகையது என்று புரிகிறது. ஆனால் அந்தப் பிடிப்பு ஊதியம், பதவி உயர்வு, ஓய்வூதியம், மாறுதல் ஆகியவற்றால் பின்னப்பட்டது. அவை நியாயமான கோரிக்கைகள்தாம்; 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரே வீச்சில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டதைக் கண்டவன் என்ற முறையில் ஆசிரியருக்கு அவையில் குரல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆசிரியர்களின் பிரதிநிதியும் பள்ளிக்கூடத்தின் பிரதிநிதியும் ஒருவரே என்று எடுத்துக்கொள்வதில்தான் நாம் ஏமாறுகிறோம். அடுத்த கேள்வியில் அது வெளிப்படையாகவே வருகிறது.

உச்சிப்புளி வாசகி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரும் ஆசிரியர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் சொந்த மாவட்டத்திற்கு மாறுதல் வாங்கிப் போய்விடுகிறார்கள். ஆசிரியராக இருந்த ஒருவர் எம்.எல்.ஏ.வாக வந்தால் இது மாறுமா?

'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகள் மிரட்டுவதாகச் சொல்லப்படும் வசனத்தைக் கேட்டு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். அந்தக் காடு நம் மாவட்டம்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. தண்டனையாக அனுப்பப்படும் ஊர் என்று அரசு அலுவலகங்களில் ஒரு மாவட்டம் பெயர் வாங்கிவிட்டால், அங்கு வருபவர் வந்த நாளே திரும்பிப் போகும் நாளை எண்ணத் தொடங்குகிறார். 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தெரிவு செய்து 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயரிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் இராமநாதபுரம் ஒன்று, மற்றது விருதுநகர். அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டில் கல்விக்கு நூற்றுக்கு முப்பது பங்கு. ஆசிரியர் நிலைக்காத ஊரில் அந்த முப்பதை யார் வாங்கித் தருவது?

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் பணியாற்றியவன். ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், கணித ஆசிரியர் ஒருவர் கல்வியாண்டின் நடுவில் மாறுதல் பெற்றுச் சென்றார். மேலிடத்துப் பரிந்துரை என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பத்தாம் வகுப்புக்கு மீதி ஆண்டு முழுவதும் கணக்குப் பாடத்தை, தமிழாசிரியனான நான் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்பதை அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள் சொல்லும். நான் சொல்ல விரும்பவில்லை. சென்றவரையும் என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய தாய் படுக்கையில் இருந்தார், ஊர் நானூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

ஆசிரியராக இருந்து உறுப்பினரானவருக்கு இதுதான் முதல் சோதனை. வெற்றி பெற்ற மறுநாள் அவர் வீட்டு வாசலில் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் அவருடைய பழைய சக ஆசிரியர்களாகத்தான் இருப்பார்கள். கையில் மாறுதல் மனு இருக்கும். தேர்தலில் அவருக்காக வீடு வீடாகச் சொன்னவர்கள் அவர்கள், அவர்களுடைய துன்பமும் பொய்யல்ல. மனுவில் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு நண்பர் ஊர் போய்ச் சேருவார், ஒரு வகுப்பு ஆசிரியரை இழக்கும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. அவர்களின் தந்தையர் விசைப்படகில் கடலுக்குள் இருப்பார்கள், தாய்மார் பாசி எடுக்கவோ கருவாடு உலர்த்தவோ போயிருப்பார்கள். மனுவோடு யாரும் வரமாட்டார்கள்.

மாறுதல்கள் கலந்தாய்வு மூலம் முன்னுரிமைப்படி நடக்க வேண்டும் என்பது விதி. கலந்தாய்விலும் கடற்கரைப் பள்ளிகள் காலியாகத்தான் செய்கின்றன, ஏனென்றால் முன்னுரிமை உள்ளவர்கள் இங்கிருந்து போகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஆசிரியரை நியமிக்க முடியாது. ஆனால் அவர் சில கேள்விகளைக் கேட்க முடியும். தம் தொகுதியில் ஒன்றியவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எந்தப் பள்ளியில் எத்தனை மாதமாகக் காலி என்று பேரவையில் வினாவாக எழுப்பலாம். 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கே இரண்டு ஆசிரியர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கே ஒருவர் மட்டும் இருக்கிறார் என்று பட்டியல் கேட்கலாம். பதிலுக்கு ஒருவர் வந்து பொறுப்பேற்ற பிறகே மாறுதல் பெற்றவரை விடுவிக்க வேண்டும் என்பதைத் தம் பகுதிக்கு விதிவிலக்கின்றிக் கடைப்பிடிக்கச் சொல்லி அழுத்தம் தரலாம். இதைச் செய்தால் பழைய நண்பர்கள் சிலரை அவர் இழப்பார். அதற்கு ஆயத்தமாக இருப்பவர் என்றால்தான் அவர் ஆசிரியராக இருந்தது உங்கள் ஊருக்குப் பயன்படும்.

சாயல்குடி வாசகர்: நான் தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர். எங்கள் அஞ்சல் வாக்குகள் உண்மையிலேயே எண்ணப்படுகின்றனவா?

எண்ணப்படுகின்றன, எண்ணப்படாமல் தள்ளப்பட்டவை பெரிய வழக்காகவும் ஆகியிருக்கின்றன. நம் தென்பகுதிக் கடற்கரையிலேயே, திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் தொகுதியில் 2016இல் மு. அப்பாவு வெறும் 49 வாக்குகளில் ஐ.எஸ். இன்பதுரையிடம் தோற்றார். அப்பாவு ஆசிரியராக இருந்தவர். 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பிலும், 2001இல் சுயேச்சையாகவும், 2006இல் தி.மு.க. சார்பிலும் அதே தொகுதியில் வென்றவர். 2016இல் 203 அஞ்சல் வாக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தன. வாக்காளரின் உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்கள் சான்றொப்பமிடத் தகுதியான அதிகாரிகள் அல்லர் என்பதே காரணம். ஓர் ஆசிரியரின் வெற்றி தோல்வி, தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு மதிப்புண்டா என்ற கேள்வியில் வந்து நின்றது.

2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அஞ்சல் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ண ஆணையிட்டது; எண்ணி முடித்ததும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு அப்படியே இருக்க, 2021 தேர்தல் வந்தது. அப்பாவு வென்று பேரவைத் தலைவரானார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படிவத்தை முழுமையாக நிரப்புங்கள், சான்றொப்பத்தைச் சரிபாருங்கள். 2023இல் விதிகள் திருத்தப்பட்டு, தேர்தல் பணியில் இருப்பவர்கள் அதற்கென அமைக்கப்படும் வசதி மையத்திலேயே வாக்களிக்க வேண்டும் என்றாகிவிட்டதால், வாக்குச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தெரிந்தவரிடம் கையெழுத்துத் தேடும் வேலை இப்போது குறைந்திருக்கிறது.

தேவிபட்டினம் வாசகர்: ஆசிரியர் பேரவைத் தலைவரானால் அவை வகுப்பறை போல அமைதியாக இருக்குமா?

அப்பாவுக்கு முன்பே, தமிழாசிரியராக இருந்த புலவர் கா. கோவிந்தனும் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வகுப்பறையில் பிள்ளைகளை வெளியே அனுப்பினால் அவர்கள் வருந்துவார்கள். பேரவையில் வெளியேற்றப்பட்டவர் வாசலில் நிற்கும் செய்தியாளர்களிடம் நேராகப் போகிறார். வேறுபாடு அதுதான்.

இராமேசுவரம் கல்லூரி மாணவி: ஆசிரியர் பின்னணி உள்ள உறுப்பினர் பேரவைக்குள் அந்தப் பின்னணியை எப்படிப் பயன்படுத்தலாம்?

நல்ல கேள்வி, ஏனென்றால் பெரும்பாலோர் தொகுதி மேம்பாட்டு நிதியோடு நின்றுவிடுகிறார்கள். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற அளவுக்கு உயர்ந்திருக்கும் அந்த நிதியில் வகுப்பறை கட்டலாம், சுற்றுச்சுவர் எழுப்பலாம், கழிப்பறை அமைக்கலாம், திறப்பு விழாக் கல்லில் பெயரும் பொறிக்கலாம். ஆசிரியருக்கு ஊதியம் தர முடியாது. கடற்கரையில் பூட்டிக் கிடக்கும் நல்ல கட்டடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பேரவைக்குள் அவருக்கு இருக்கும் கருவிகள் வேறு. வினா நேரம் ஒன்று. பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அத்துறைச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது, விவாதத்துக்கு வரும் நாளில் உறுப்பினர்களுக்குத் தரப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு மற்றொன்று. அதைப் பலர் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். விடைத்தாள் திருத்திப் பழகியவர் சென்ற ஆண்டின் குறிப்பையும் இந்த ஆண்டின் குறிப்பையும் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியம் அப்படியே மறுபடி அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். பேரவை விதி 110இன்கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அவையில் படிக்கும் அறிவிப்புகளுக்கு அன்று விவாதம் கிடையாது, ஆனால் அடுத்த ஆண்டு அது நடந்ததா என்று கேட்கத் தடையில்லை.

யாரும் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்கிறேன்: அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர்கள் அவையில் 'ஆவன செய்யப்படும்', 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று கூறுபவை உறுதிமொழிகளாகப் பதிவாகி, நிறைவேறினவா என்று அந்தக் குழு பார்க்கிறது. வருகைப் பதிவேட்டில் தினமும் குறி போட்டுப் பழகிய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அவையில் இல்லை. விளம்பரம் கிடைக்காது என்பதால்தான் இதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

உங்கள் ஊரைக் கொண்டே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி திறப்பதும் ஜூனில். வலை கரையில் கிடந்து, கையில் பணம் வற்றியிருக்கும் அந்த வாரங்களில்தான் பிள்ளைக்குப் பை, செருப்பு, பேருந்துச் செலவு எல்லாம் வந்து நிற்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்த பையனை 'ஒரு வருஷம் படகுக்கு வா' என்று அழைப்பதும் அப்போதுதான். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். மீன்வளத் துறை அந்தத் தொகையை வழங்கும் நாளும், பள்ளிக் கல்வித் துறை சேர்க்கை நடத்தும் நாளும் வேறு வேறு கோப்புகளில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வினாவில் இணைத்துக் கேட்க, ஜூன் மாத வருகைப் பதிவேட்டைப் பார்த்த ஒருவர் வேண்டும்.

ஏர்வாடி வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஏன் நிற்கவில்லை?

ஓய்வு பெற்ற ஆண்டு ஊராட்சித் தேர்தலுக்கு என்னைக் கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்போது மூன்று அணிகள். மூன்றிலும் நான் பாடம் நடத்திய பிள்ளைகள் இருந்தார்கள்; மூன்று அணியினரும் மாலையில் வந்து என் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து பேசுவார்கள், தேநீர் கேட்பார்கள். வாக்கு எண்ணி முடிந்ததும் அவர்களில் யார் எனக்குப் போடவில்லை என்பது எனக்கு எப்படியும் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.